200 ஏக்கர் காணியின் உறுதிப் புத்தகம்

கனடாவின் ரொறன்ரோவை அடுத்துள்ள மார்க்கம் நகரின் கிழக்குப் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறத்தில், முதிர்ந்த மேப்பிள் மரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. அந்தக் கோடு எங்கள் வேலியோடும் அயலவர் வேலியோடும் பொருந்துவதில்லை. குறுக்காக வந்து, நான்கைந்து வளவுகளைத் தாண்டி, தெருவுக்கு அப்பாலும் தொடர்கிறது. வீடுகள் எழும்ப நெடுங்காலம் முன்பே யாரோ ஒரு காரணத்தோடுதான் அவற்றை அங்கே நட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் காரணத்தைத் தேடப் புறப்பட்டதால்தான், இந்தக் குடியிருப்பு எழும்ப முன்னர் இங்கிருந்த 200 ஏக்கர் பண்ணைக் காணியின் உறுதிப் பதிவுகளை வாசிக்கத் தொடங்கினேன். மேப்பிள் வரிசை, அந்தக் காணிக்கும் அதற்கு அடுத்த காணிக்கும் இடையிலிருந்த எல்லை வேலி.

நாம் அன்றாடம் கார் ஓட்டும் வீதிகளே இந்தக் காணிகளின் வரைபடம் என்பதை நான் இத்தனை ஆண்டுகளாகக் கவனித்ததில்லை. கென்னடி, மக்கோவன், மார்க்கம் ரோட், ஒன்பதாம் லைன் ஆகியவை ஒன்றிலிருந்து மற்றொன்று ஏறத்தாழ 2 கிலோமீற்றர் இடைவெளியில் ஓடுகின்றன. ஸ்டீல்ஸ், 14ஆம் அவெனியூ, ஏழாம் நெடுஞ்சாலை, 16ஆம் அவெனியூ, மேஜர் மக்கென்சி என்ற குறுக்கு வீதிகளுக்கும் அதே இடைவெளிதான். 1790களில் இந்தக் காட்டுக்குள் நடந்த நில அளவையாளர்கள் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட இரும்புச் சங்கிலியை இழுத்து அளந்தார்கள். 100 சங்கிலிக்கு ஒரு கொன்செஷன் வீதி, அதாவது காணி வரிசைகளைப் பிரிக்கும் வீதி. அந்த வீதியின் ஓரமாக 20 சங்கிலிக்கு ஒரு லொட், அதாவது எண்ணிட்ட காணித்துண்டு. ஐந்து லொட்டுகளுக்கு ஒரு குறுக்கு வீதி. 20 சங்கிலி அகலமும் 100 சங்கிலி ஆழமுமாக அமைந்த துண்டு சரியாக 200 ஏக்கர். ஸ்டீல்ஸிலிருந்து வடக்கு நோக்கி எண்ணினால் முதல் ஐந்து லொட்டுகள் 14ஆம் அவெனியூவிலும், பத்தாவது ஏழாம் நெடுஞ்சாலையிலும் முடியும். வீதிக்கென்று ஒதுக்கிய அகலமும் ஒரு சங்கிலிதான். ஆறு, சரிவு, சதுப்பு எதையும் பாராமல் காகிதத்தில் கீறிய இந்தக் கட்டங்களுக்குள்தான் குடும்பங்கள் வந்து இறங்கின.

ஒன்ராறியோவின் காணிப் பதிவகங்கள் ஒவ்வொரு லொட்டுக்கும் தனியாகப் பக்கங்கள் ஒதுக்கிய அட்டவணைப் புத்தகங்களை வைத்திருந்தன. இன்று ஒன்லாண்ட் என்ற இணையத்தளத்தில் அவற்றின் படிமங்களைப் பார்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு பதிவு: உறுதியின் எண், அதன் வகை, எழுதப்பட்ட தேதி, பதியப்பட்ட தேதி, கொடுத்தவர், பெற்றவர், நிலத்தின் அளவு, கொடுத்த பணம். கையெழுத்து பல இடங்களில் மங்கியிருக்கும். வகைகள் எல்லாம் சுருக்க எழுத்துகளில் இருக்கும். விற்பனை, ஈடு, ஈட்டுமீட்சி, உரிமைவிடுப்பு, மரணசாசனம் ஆகியவற்றின் சுருக்கங்களைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பழகிய பின்னர் அந்தப் பக்கத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எந்த லொட்டை எடுத்தாலும் கொடுத்தவர் என்ற நிரலின் முதல் வரியில் இருப்பது ஒரே பெயர்தான்: முடி. பிரித்தானிய மன்னரின் பெயரால் வழங்கப்பட்ட கொடை உறுதியோடு புத்தகம் தொடங்குகிறது. முடிக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதற்குப் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒன்ராறியோ ஏரியின் வடகரை, 1787இலும் 1788இலும் முதற்குடிகளான மிசிசாகா மக்களோடு நடந்த கூட்டங்களின் பெயரில் கைக்கொள்ளப்பட்டது. கரையில் சுடும் துப்பாக்கியின் ஒலி கேட்கும் தூரம் வரை என்று எல்லை பேசப்பட்டதாகச் சொல்லப்படுவதால், அதற்குத் துப்பாக்கிச் சூட்டு உடன்படிக்கை என்றே பெயர் வந்துவிட்டது. எல்லைகள் முறையாக எழுதப்படவேயில்லை. நெடுங்காலமாக அந்த மக்கள் முறையிட்ட பின்னர், 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் கையெழுத்தாகின. அவையும் வேட்டை, மீன்பிடி உரிமைகளைப் பறித்தவையாகவே நடைமுறையில் வந்து முடிந்தன. 2018இல்தான் மத்திய, மாகாண அரசுகள் ஏழு முதற்குடிகளோடு 111 கோடி டொலர் உடன்பாட்டுக்கு வந்து மன்னிப்பும் கேட்டன. இது புத்தகத்தின் முதல் வரிக்கு மேலே எழுதப்பட்டிருக்க வேண்டிய செய்தி. நான் நிலத்தின் கதையை யாருக்குச் சொன்னாலும் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

முடியிடமிருந்து முதலில் பெற்றவர் பெயரைக் கண்டதும், இவர்தான் காட்டை வெட்டிக் குடியேறியவர் என்று நினைத்துவிடுவது இயல்பு. நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் அமெரிக்கப் புரட்சிப் போரில் மன்னரின் பக்கம் நின்றவர்களுடைய பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வேறுபாடின்றித் தலைக்கு 200 ஏக்கர் வழங்கப்பட்டது. மகள் 21 வயதை அடைந்தாலோ அதற்கு முன்பே மணம் முடித்தாலோ அவளும் விண்ணப்பிக்கலாம். அதனால் முதற் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருப்பதைப் பல இடங்களில் காணலாம். அவர்களில் பலர் நூறு மைல்களுக்கு அப்பால் வாழ்ந்தவர்கள். தங்கள் காணியைக் கண்ணால் பாராமலே விற்றவர்கள். படை அதிகாரிகளும் அரச பதவியிலிருந்தவர்களும் பெருந்தொகையாகப் பெற்று, அயலில் மற்றவர்கள் உழைத்து விலை ஏறும்வரை காடாகவே வைத்திருந்தார்கள். ஏழில் ஒரு பங்கு நிலம் முடிக்கென்றும், இன்னொரு ஏழில் ஒரு பங்கு புரட்டஸ்தாந்து மதகுருமாருக்கென்றும் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்த ஒதுக்கீட்டு லொட்டுகள் கட்டம் போட்ட துணியைப் போல எல்லா ஊர்களிலும் சிதறிக் கிடந்தன. முடியின் ஒதுக்கீடுகளில் பெரும்பகுதியை 1826இல் கனடா கொம்பனி என்ற காணி விற்பனை நிறுவனம் வாங்கியது. வேறொரு பகுதி, ஏறத்தாழ 225,000 ஏக்கர், பின்னாளில் ரொறன்ரோ பல்கலைக்கழகமாக மாறிய கிங்ஸ் கொலீஜின் ஆதனமாக 1828இல் வழங்கப்பட்டது. ஆகவே ஒரு பண்ணையின் முதல் உரிமையாளராக ஒரு கல்லூரியின் பெயரைக் கண்டால் திகைக்க வேண்டியதில்லை. அந்த நிலத்தில் அதற்கு முன்பே ஒரு குடும்பம் குத்தகைக்கு இருந்து, கொட்டிலும் கட்டிப் பிள்ளைகளும் பெற்றிருக்கலாம். 21 ஆண்டுக் குத்தகையில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 10 ஷில்லிங், அடுத்த ஏழுக்கு 20, கடைசி ஏழுக்கு 30 என்று செலுத்தியவர்கள் அவர்கள். அட்டவணைப் புத்தகம் அவர்களை அறியாது.

உண்மையில் குடியேறியவர்களைத் தேடுவதற்கு வேறு காகிதங்கள் இருக்கின்றன. யோர்க் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தில், ஊர், கொன்செஷன், லொட் என்ற வரிசையில் அடுக்கப்பட்ட துண்டுக் காகிதங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. நிலம் காட்டிக் கொடுத்த சீட்டுகள், ஒரு சீட்டின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிய குறிப்புகள், குடியேற்றக் கடமைகளை நிறைவேற்றியதற்கான சான்றுகள் என்று எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. நிலம் பெற்றவர் ஒவ்வொரு 100 ஏக்கருக்கும் 5 ஏக்கர் வெட்டி வேலியடைக்க வேண்டும், 16 அடிக்கு 20 அடி வீடு ஒன்று கட்ட வேண்டும், தம் காணி முகப்பில் வீதியின் பாதி அகலத்தைத் துப்பரவாக்க வேண்டும். இவற்றைச் செய்துவிட்டதாக அயலவர்கள் சத்தியம் செய்த பின்னரே கொடை உறுதி கிடைக்கும். அந்தச் சான்றிதழில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் பெரும்பாலும் அடுத்த லொட்டுக்காரர். பெயர் எழுதத் தெரியாதவர் புள்ளடி இட்டிருப்பார். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்துப்போன காகிதம் இதுதான். காட்டின் நடுவில் ஒருவரை ஒருவர் நம்பி இருந்தவர்களின் பெயர்களை ஒரே தாளில் சேர்த்துக் காட்டுவது இது மட்டுமே.

மார்க்கத்தில் அப்படி இறங்கிய முதற் கூட்டத்தார், 1794இல் வில்லியம் பெர்ட்சி அழைத்துவந்த 64 ஜெர்மானியக் குடும்பங்கள். அவருக்கு 64,000 ஏக்கர் வாக்களிக்கப்பட்டிருந்தது; பின்னர் அந்த வாக்கு கைவிடப்பட்டது. யங் வீதியை வெட்டியும் ஆலை கட்டியும் உழைத்த மனிதர் கடனில் மூழ்கி, கடைசியில் மார்க்கத்தை விட்டே போனார். அவர் கொண்டுவந்த குடும்பங்களில் பல நிலைத்தன. அவர்களைத் தொடர்ந்து 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் வண்டிகளில் வந்து, பெரும்பாலும் இரண்டாம் கையாகவே, விலை கொடுத்துக் காணி வாங்கினார்கள். ஒரு குடும்பப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் புத்தகத்தில் பார்க்கும்போது, ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுதுவினைஞர் ஜெர்மன் ஒலியைத் தம் காதுக்கு எட்டியபடி எழுதியிருக்கிறார் என்பது விளங்கும். நம் பெயர்கள் குடிவரவுப் படிவங்களில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்தால் பக்கம் அடர்த்தியாகிறது. ஈடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தொடக்கத்தில் நான் அவற்றைத் துன்பத்தின் அடையாளமாக வாசித்தேன். பின்னர்தான், ஈட்டின் தேதியைக் கணக்கெடுப்பின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. கிரிமியப் போர் நடந்த 1854க்கும் 1856க்கும் இடையில் கோதுமை விலை உயர்ந்தது. 1854இல் அமெரிக்காவோடு வரியற்ற வணிக உடன்படிக்கையும் வந்தது. கையில் காசு கண்ட குடும்பங்கள் மரக்குற்றி வீட்டை விட்டுச் செங்கல் வீடு கட்டவும் அடுத்த லொட்டின் பாதியை மகனுக்கு வாங்கவும் கடன் எடுத்தன. 1857இல் விலை சரிந்தபோது அதே கடன் கழுத்தை இறுக்கியது. ஆக, 1855இல் எழுதிய ஈடும் 1858இல் எழுதிய ஈடும் வடிவில் ஒன்றாயினும் வேறு வேறு கதைகளைச் சொல்லக்கூடும். 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, வீடு மரக்குற்றியா, பலகையா, செங்கல்லா, கல்லா, எத்தனை மாடி என்று கேட்டது. அதன் விவசாயப் பட்டியல் கொன்செஷன், லொட் எண்களோடு உழுத நிலம், மேய்ச்சல் நிலம், பழத்தோட்டம், காடு எத்தனை ஏக்கர் என்று கேட்டது. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு குடும்பம் எழுந்து நடமாடத் தொடங்கும். அதே காலத்தில் பணத்தின் நிரலிலும் பவுண், ஷில்லிங், பென்ஸ் மறைந்து டொலர் தோன்றுகிறது. கனடாவின் சொந்த டொலர் முறை நாணயங்கள் 1858இல் வந்தன.

இந்தப் புத்தகத்தில் நான் அதிக நேரம் தங்கியது, தகப்பன் மகனுக்கு எழுதும் உறுதிகளில். பணத்தின் நிரலில் ஒரு டொலர் என்றும், இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் என்றும் இருக்கும். அட்டவணையின் ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் அது வெறும் நன்கொடை. முழு உறுதியைத் தருவித்து வாசித்தால், அல்லது அதே நாளில் பதியப்பட்ட ஈட்டை எடுத்துப் பார்த்தால், வேறொன்று வெளிப்படும். முதிய பெற்றோர் காணியைக் கொடுத்துவிட்டுத் தங்கள் மிச்ச நாட்களை வரி வரியாக எழுதிவைத்திருப்பார்கள்: வீட்டில் இன்ன அறை தங்களுக்கு, அடுப்புக்கு வேண்டிய விறகை வெட்டிப் பிளந்து வாசலில் போட்டுத்தர வேண்டும், ஆண்டுக்கு இத்தனை மா, இத்தனை பன்றியிறைச்சி, ஒரு பால்மாடு, தோட்டத்தில் ஒரு பங்கு, கோவிலுக்குப் போக ஒரு குதிரை. இன்னொரு மகளுக்கு மணமாகும்போது இவ்வளவு பணம், இளைய மகனுக்கு 21 வயதாகும்போது இவ்வளவு பணம் என்ற சுமையும் மூத்தவன் தலையில் ஏறும். நம்முடைய உறுதிகளில் சீவிய உருத்து என்று ஒற்றைச் சொல்லில் வைக்கும் இடத்தை அவர்கள் விறகுக்கட்டு வரை விரித்து எழுதினார்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாததால் எழுதப்பட்டவை என்று இவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மகன் முதலில் இறந்துபோனால் மருமகளிடமோ, காணி விற்கப்பட்டால் அந்நியரிடமோ இந்த உரிமையைக் கேட்டு நிற்க வேண்டிய நாள் வரலாம் என்பதை அறிந்தவர்களின் முன்யோசனை அது.

மனைவிமாரின் பெயரும் இப்படித்தான், ஓரத்திலிருந்து வருகிறது. கணவன் இறந்தால் அவருடைய காணியில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இருந்தது. ஆகவே விற்கும்போது அவளும் கையெழுத்திட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். தொடக்ககாலத்தில், கணவனின் வற்புறுத்தல் இல்லாமல் சம்மதிக்கிறாள் என்பதை நீதவான் ஒருவர் அவளைத் தனியாக விசாரித்து உறுதிசெய்தார். ஒன்ராறியோவில் இந்த உரிமை 1978 வரை சட்டத்தில் இருந்தது. ஓர் ஆணின் பெயர் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வர, விட்டுக்கொடுக்கும் மனைவியின் பெயர் மட்டும் இடையில் மாறியிருப்பதைக் கண்டால், முதலாமவள் இறந்திருக்கிறாள் என்பதை வாசிப்பவர் தானே உணர வேண்டும். கல்லறைக் கல் உடைந்துபோன இடங்களில் அவள் இருந்ததற்குச் சான்று இந்தக் கையெழுத்துதான்.

பண்ணை முழுமையாகக் கைமாறியதைப் போலவே துளித்துளியாகவும் கரைந்தது. பாடசாலைக்குக் கால் ஏக்கர், ஆலயத்துக்கு ஒரு மூலை, குடும்ப அடக்கநிலத்துக்குச் சிறு சதுரம் என்று விடப்பட்டது. 1871இல் மார்க்கம் வழியாக ஓடத் தொடங்கிய ரொறன்ரோ நிப்பிசிங் ரயில்பாதைக்கு ஒரு நீளத் துண்டு போனது. அடுத்த நூற்றாண்டில் மின்கம்பிகள் செல்ல வழியுரிமை எழுதப்பட்டது. மனிடோபாவில் காணி திறந்துவிடப்பட்டபோது இளையவர்கள் மேற்கே போனார்கள். அப்போது சகோதரர்கள் தங்கள் பங்கை வீட்டிலிருந்தவருக்கு விடுத்த உறுதிகள் ஒரே ஆண்டில் மூன்று நான்கு வரும். கோதுமை குறைந்து பாற்பண்ணை பெருகியதைப் புத்தகம் சொல்லாது. சரிவில் பாதி புதைந்து நிற்கும் பெரிய களஞ்சியத்தின் கல் அத்திவாரம் சொல்லும். வீடு இருந்த இடத்தை வசந்தத்தில் பூக்கும் லைலாக் செடி காட்டித்தரும். வாசலில் நட்ட செடி, வாசல் போன பின்னும் பூக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பக்கங்களை நான் விரைந்து புரட்டினேன். மனிதர் பெயர்கள் நின்று, எண்களையே பெயராகக் கொண்ட கம்பனிகள் வருகின்றன. ஒரே காணி சில ஆண்டுகளுக்குள் பலமுறை கைமாறுகிறது. பழைய உழவர், தாம் விற்ற நிலத்தையே கம்பனியிடம் குத்தகைக்கு எடுத்துச் சோளம் விதைத்த ஆண்டுகளும் அதற்குள் அடங்கும்.

இங்கிருந்து கிழக்கே சில கிலோமீற்றரில், பிக்கரிங்கின் வடபுறத்தில், அந்த வாய்ப்பும் கிடைக்காத லொட்டுகள் இருக்கின்றன. 1972 மார்ச்சில் மத்திய அரசு புதிய விமான நிலையம் ஒன்றை அறிவித்து, ஏறத்தாழ 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. ஐந்து ஆறு தலைமுறையாக இருந்தவர்களும் அதற்குள் அகப்பட்டார்கள். மக்கள் எதிர்த்து நின்றார்கள்; மாகாண அரசு வீதியும் குழாயும் தர மறுத்ததால் 1975இல் வேலை நின்றது. ஆனால் காணி திரும்பவில்லை. உரிமையாளர்கள் தம் வீட்டிலேயே வாடகைக்காரராக இருந்தார்கள். பிறகு வீடுகள் பலவும் இடிக்கப்பட்டன. விமான நிலையத்துக்கென அகழ்ந்து பார்த்தபோது, அங்கே 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வென்டாட் என்ற முதற்குடி மக்கள் வாழ்ந்த பெரிய ஊர் ஒன்று வெளிப்பட்டது. சுவீகரித்த நிலத்தில் ஒரு பகுதி இப்போது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் இருக்கிறது. விமான நிலையத் திட்டம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. அந்த லொட்டுகளின் பக்கத்தில் கொடுத்தவர் நிரலின் முதல் வரியில் இருந்த முடி, பெற்றவர் நிரலின் கடைசியில் வந்து நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குடும்பத்துக்கும் எழுதிக்கொடுக்கப்படாத நிலம் அது. அங்கே ஒரு நாள் நடந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ளதைப் போன்ற மேப்பிள் வரிசைகள், அவற்றுக்கு நடுவே வீடில்லாத வண்டிப்பாதைகள். நெஞ்சு அடைத்துப்போனது.

எங்கள் லொட்டின் பக்கம் வேறு விதமாக முடிகிறது. பிரிவு வரைபடம் ஒன்றின் எண்ணைக் குறித்து, இனி அங்கே பார்க்கவும் என்று பழைய புத்தகம் கைவிடுகிறது. 200 ஏக்கருக்கு ஒரு பெயர் இருந்த இடத்தில் சில நூறு பெயர்கள் வந்துவிடுகின்றன. அவற்றில் சீனப் பெயர்களும் பஞ்சாபிப் பெயர்களும் ஈழத்துப் பெயர்களும் இருக்கின்றன, தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறி, எழுத்துப் பிழைகளோடு. என்னுடைய மனைவியின் பெயர் முதலாவதாக, முழு உரிமையாளராக, எவருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. அதன் கீழே ஈடு. வங்கிக்கு இன்னும் பதினொரு ஆண்டுகள் கட்ட வேண்டும்.

இந்த வரிசை முழுவதையும் ஒரு பெரிய தாளில் கையால் எழுதினேன். மேலே ஏழு முதற்குடிகளின் பெயர்கள்: ஓல்டர்வில், கேர்வ் லேக், ஹயவாதா, ஸ்கூகொக் தீவு, போசொலெய், ஜோர்ஜினா தீவு, ராமா. அடுத்து முடி. அதற்குக் கீழே உறுதி பெற்றவர்கள் அனைவரும், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கையெழுத்திட்ட மனைவியும், கணக்கெடுப்பில் மட்டும் அகப்பட்ட குத்தகைக் குடும்பங்களும். கடைசியில் நாங்கள் இருவர். வீட்டு உறுதி இருக்கும் கோப்புக்குள் அதை மடித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டை விற்கும் நாளில் சாவியோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.